விரல் மூட்டின் கோணம்: அசைவுப் பதிவுக் கருவிகள் காண்பதும் கணக்கிடுவதும்

விரல் மூட்டு ஒன்று எத்தனை பாகை மடங்கியிருக்கிறது என்பதை அசைவுப் பதிவுக் கேமரா எதுவும் நேராகக் காண்பதில்லை. கேமராக்கள் காண்பவை தோலின்மேல் ஒட்டப்பட்ட சிறு மணிகளின் ஒளிப்புள்ளிகள் மட்டுமே. அப்புள்ளிகளைக் கொண்டு அவற்றின் கீழே மறைந்திருக்கும் எலும்புகளின் நிலையை ஊகித்து, அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு இடையிலான சாய்வைக் கணக்கிட்ட பின்னரே மூட்டின் கோணம் என்னும் எண் திரையில் தோன்றுகிறது. மணி ஒட்டிய தோல் எலும்போடு சேர்ந்தே நகர்கிறது, எலும்பு வளையாத திண்பொருள், மூட்டின் அச்சு ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது என்பன போன்ற பல கருதுகோள்கள் இந்தக் கணக்கில் இடம்பெறுகின்றன. தொடை, முழங்கால் போன்ற பெரிய உறுப்புகளை அளக்கும்போது இக்கருதுகோள்கள் சற்றுப் பிசகினாலும் விடை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் விரலில், மணியின் குறுக்களவே எலும்பின் நீளத்தில் கணிசமான பங்காகிவிடுவதால், ஒவ்வொரு கருதுகோளும் விடையைப் பல பாகைகள் நகர்த்திவிடக்கூடியது. ஆகவே விரல் அசைவை அளக்கும் கலையைப் புரிந்துகொள்வதற்குக் கேமராவின் நுட்பத்தை அறிவது மட்டும் போதாது. அந்த எண் எப்படி உருவாகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர வேண்டும்.

மனிதக் கையில் 27 எலும்புகள் உள்ளன: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரல் நீங்கலான நான்கு விரல்களிலும் மும்மூன்று மூட்டுகள் இருக்கின்றன. உள்ளங்கை எலும்பும் விரலின் முதல் எலும்பும் சேரும் இடத்தை அடிமூட்டு என்றும், அதற்கடுத்ததை நடுமூட்டு என்றும், நகத்தை ஒட்டியதை நுனிமூட்டு என்றும் இங்கே குறிக்கலாம். கையை இறுக மூடும்போது புறங்கையில் புடைத்துத் தெரிவது அடிமூட்டு. அது மடங்குவதோடு பக்கவாட்டிலும் அசையும். விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும் அதனால்தான் இயல்கின்றன. நடுமூட்டும் நுனிமூட்டும் கதவுக் கீலைப் போல ஒரே அச்சைச் சுற்றி மட்டும் திரும்புபவை. ஒரு மூட்டு ஒன்றையொன்று சாராமல் அசையக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை இயற்பியலில் சுதந்திர இயக்கக் கூறுகள் என்பர். அக்கணக்கில் அடிமூட்டுக்கு இரண்டும் மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்றுமாக ஒரு விரலுக்கு நான்கு கூறுகள் ஆகின்றன. கட்டைவிரலுக்கு ஐந்து என்று கொண்டால், மணிக்கட்டைச் சேர்க்காமலே ஒரு கைக்கு 21 ஆகிறது.

இந்த 21 கூறுகளும் காகிதத்தில் தனித்தனியாக இருந்தாலும் உடலில் அப்படி இயங்குவதில்லை. விரலுக்குள் அதை மடக்கும் தசை எதுவும் இல்லை. மடக்குகின்ற, நீட்டுகின்ற தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன, அவற்றின் இழுப்பை நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலின் எலும்புகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஒரே தசைநாண் பல மூட்டுகளைக் கடந்து செல்வதாலும், நீட்டும் தசைநாண் விரலின் புறத்தில் பல கிளைகளாகப் பிரிந்து மீண்டும் இணைவதாலும், நடுமூட்டு மடங்கும்போது நுனிமூட்டும் உடன் மடங்குகிறது. நலமான விரலில் நுனிமூட்டின் கோணம் நடுமூட்டின் கோணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்னும் விதியைக் கணினி அசைவூட்டத் துறையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். நுனிமூட்டை அளக்காமலே அதன் நிலையை நிரப்பிக்கொள்ள அது உதவுகிறது. திரைப்படத்துக்கு அது போதுமானது. மருத்துவத்துக்கு அது கேடு விளைவிக்கும், ஏனெனில் முடக்குவாதத்தில் காணப்படும் அன்னக்கழுத்து விகாரம் எனப்படும் குலைவில் நடுமூட்டு பின்னோக்கி வளைந்திருக்க நுனிமூட்டு மடங்கியிருக்கும். நுனிமூட்டை விதியால் நிரப்பும் முறை அந்நோயின் அடையாளத்தையே அழித்துவிடும்.

மருத்துவமனைகளில் விரல் மூட்டை அளக்க நெடுநாளாகப் பயன்படுவது கோனியாமீட்டர், அதாவது பாகை குறிக்கப்பட்ட வட்டத்தோடு இரண்டு சட்டங்கள் இணைக்கப்பட்ட எளிய கருவி. இயன்முறை மருத்துவர் ஒரு சட்டத்தை மூட்டுக்கு முன்னுள்ள எலும்பின் மீதும் மற்றதைப் பின்னுள்ள எலும்பின் மீதும் வைத்துப் பாகையைப் படிக்கிறார். அடிமூட்டு, நடுமூட்டு, நுனிமூட்டு மூன்றும் மடங்கும் அளவைக் கூட்டி, முழுமையாக நீட்ட முடியாமல் எஞ்சும் அளவைக் கழித்துப் பெறும் மொத்த இயக்க அளவு, அறுந்த தசைநாணைத் தைத்த பிறகு விரல் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை மதிப்பிடும் அடிப்படை எண்ணாக விளங்குகிறது. நலமான விரலில் இது சுமார் 260 பாகை. மலிவானது, எங்கும் கிடைப்பது, எலும்பைத் தொட்டு உணர்ந்தபின் வைக்கப்படுவது என்பதால் கோனியாமீட்டரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழ ஐந்து பாகை வரையிலான வேறுபாட்டை அளவீட்டுப் பிழையாகவே கொள்வது மரபு. அதன் உண்மையான குறை துல்லியத்தில் இல்லை; விரல் அசையாமல் நிற்கும்போது, ஒரு சமயத்தில் ஒரு மூட்டை மட்டுமே அது அளக்கும். நோயாளி தம்ளரை எடுக்கும்போதோ பொத்தானை மாட்டும்போதோ மூன்று மூட்டுகளும் எந்த வரிசையில், எந்த வேகத்தில் மடங்கின என்பதை அதனால் சொல்ல இயலாது.

அசைவைப் படமாக்கி அளக்கும் எண்ணம் கணினிக்கு மிகவும் முந்தையது. பிரான்சின் உடலியலாளர் எத்தியேன்-ழூல் மாரே 1880-களில் கருப்பு உடை அணிந்தவரின் கைகால்களில் வெண்கோடுகளை இட்டு, ஒரே தகட்டில் பல நொடிப்பிளவுகளைப் பதிவு செய்தார். உடல் மறைந்து கோடுகள் மட்டும் எஞ்சிய அப்படங்கள் இன்றைய முறையின் நேரடி முன்னோடிகள். லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரௌனேயும் ஓட்டோ ஃபிஷரும் 1891-இல் ஒரு படைவீரரின் உடலில் மின்னொளிக் குழல்களைக் கட்டி, நான்கு கேமராக்களால் அவர் நடையைப் படமெடுத்து, முப்பரிமாண இடநிலைகளைக் கையாலேயே கணித்தனர். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1910-களில் தொழிலாளர்களின் கையிலும் விரலிலும் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, வேலை செய்யும்போது அவை வெளியில் வரையும் ஒளிக்கோட்டைப் படமாக்கினர்; விளக்கைச் சீராக விட்டுவிட்டு எரியச் செய்ததால் கோடு துண்டு துண்டாகப் பதிவாகி, துண்டுகளின் நீளம் வேகத்தைக் காட்டியது. கையின் வேலையை ஒளிப்புள்ளிகளாக மாற்றிய தொடக்ககால முயற்சிகளில் அது முக்கியமானது என்றாலும், விளக்கு சென்ற பாதையைத்தான் அது காட்டியது. மூட்டுகளின் கோணத்தை அன்று.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் முறையில், மணிகளின் மேற்பரப்பில் நுண்கண்ணாடிக் குண்டுகள் பதித்த படலம் இருக்கிறது. அது தன்மீது விழும் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு கேமராவின் வில்லையைச் சுற்றிலும் அகச்சிவப்பு விளக்குகள் வளையமாக அமைந்திருப்பதால், அந்த ஒளி மணியில் பட்டு நேரே அதே கேமராவுக்குத் திரும்புகிறது. கருமையான படத்தில் மணிகள் மட்டும் வெண்புள்ளிகளாகத் தெரிகின்றன. ஒரு கேமராவின் படம் புள்ளி எந்தத் திசையில் உள்ளது என்பதை மட்டுமே சொல்லும், எவ்வளவு தொலைவில் என்பதைச் சொல்லாது. இடநிலை அறிந்த இரண்டு கேமராக்களிலிருந்து செல்லும் இரு திசைக்கோடுகள் வெட்டும் இடமே மணி இருக்கும் இடம். நில அளவையாளர்கள் பயன்படுத்தும் முக்கோணமுறையின் வடிவக்கணிதம்தான் இதுவும். கேமராக்களின் இடநிலையை அறிய, நீளம் துல்லியமாகத் தெரிந்த கோல் ஒன்றைப் பதிவுவெளி முழுவதும் அசைத்து, எல்லாக் கேமராக்களும் கண்ட படங்களை ஒன்றோடொன்று பொருத்திக் கணினி தீர்வு காண்கிறது. இந்த அளவுத்திருத்தம் நன்றாக அமைந்தால், கைக்கு நெருக்கமாக நிறுத்திய கேமராக்களால் மணியின் மையத்தை ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவுக்குத் துல்லியமாகக் கண்டறிய முடியும். நொடிக்கு 100, 200 அல்லது அதற்கும் மேற்பட்ட படங்களாக இது தொடர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1984-இல் தொடங்கிய வைக்கான், சுவீடனின் கோதன்பர்கைச் சேர்ந்த குவாலிசிஸ் போன்ற நிறுவனங்களின் கருவிகள் நடை ஆய்வுக்காகவே பெரிதும் வளர்ந்தவை. கையை அளக்க வந்தவர்கள் அவற்றைச் சுருக்கிப் பயன்படுத்திக்கொண்டனர்.

அந்தச் சுருக்கத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல் 400 மி.மீ. இடைவெளியில் இரண்டு மணிகளை ஒட்டி, அவற்றுள் ஒன்று எலும்புக்குக் குறுக்காக 1 மி.மீ. விலகிவிட்டால், எலும்பின் திசையில் ஏற்படும் பிழை ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குதான். விரலின் நடு எலும்பில் இரு மணிகளுக்கு இடையே 20 மி.மீ. தொலைவு கிடைப்பதே அரிது. அங்கே அதே 1 மி.மீ. விலகல் கிட்டத்தட்ட 3 பாகைப் பிழையாகிறது. மூட்டின் கோணமோ இரண்டு எலும்புகளின் திசைகளுக்கு இடையிலான வேறுபாடு என்பதால் இரண்டு பக்கப் பிழைகளும் அதில் சேரக்கூடும். கேமராவின் துல்லியம் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தப் பிழை குறையாது. அது கேமராவில் பிறப்பதன்று, தோலுக்கும் எலும்புக்கும் இடையில் பிறப்பது. விலையுயர்ந்த கருவியின் விளக்கக் குறிப்பில் காணப்படும் மில்லிமீட்டர்ப் பின்னங்களை அப்படியே மூட்டின் துல்லியமாக எடுத்துக்கொள்வது இத்துறையில் அடிக்கடி நேரும் மயக்கம்.

விரலின் புறத்தோல் தளர்வானது, தளர்வாக இருந்தே ஆக வேண்டியது. நடுமூட்டின் அச்சிலிருந்து புறத்தோல் வரை 8 மி.மீ. உயரம் இருப்பதாகக் கொண்டால், விரல் 90 பாகை மடங்கும்போது மூட்டைச் சுற்றிய வளைவில் தோல் சுமார் 12.5 மி.மீ. கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது என்று வட்டத்தின் கணிதம் சொல்கிறது. விரல் நீண்டிருக்கும்போது கணுவின் மேல் காணும் சுருக்கங்கள் அந்த நீளத்துக்கான சேமிப்பே. மணி எந்தச் சுருக்கத்தின் மேல் ஒட்டப்பட்டதோ அந்தத் தோல் மடங்கும்போது எலும்பின் மேல் வழுக்குகிறது. எலும்பின் நீளவாக்கில் நேரும் வழுக்கல், இரு மணிகளை இணைக்கும் கோட்டின் திசையை அவ்வளவாக மாற்றாது. ஆனால் மணி எழும்பினாலோ சாய்ந்தாலோ, மூட்டை விட்டு ஒரு பக்கமாக ஏறிவிட்டாலோ கோணம் மாறும்.

மணிகளை ஒட்டுவதற்கு இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, மூட்டுக்கு ஒன்றாகக் கணுவின் மேலேயே ஒட்டி, அடுத்தடுத்த மூன்று மணிகளை இணைக்கும் கோடுகளின் கோணத்தை மூட்டின் கோணமாகக் கொள்வது. மணிகள் குறைவு, கை சுமையின்றி அசையும், கணக்கும் எளிது. ஆனால் கணக்கின் எளிமைக்கு விலை உண்டு. விரலின் முதல் எலும்பு 40 மி.மீ., நடு எலும்பு 25 மி.மீ., மணிகள் மூட்டு அச்சுகளுக்கு மேலே 8 மி.மீ. உயரத்தில் உள்ளன, நடுமூட்டின் மேலுள்ள மணி மடங்கும்போது இரு எலும்புகளுக்கும் நடுவே சமமாக நிற்கிறது, மற்ற மூட்டுகள் நீண்டே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், உண்மையில் 90 பாகை மடங்கிய விரல் மணிகளின் கோணத்தில் 83 பாகையாகத் தெரியும். அதே மணி முதல் எலும்போடு ஒட்டியே நின்றுவிட்டால் விடை 76 பாகையாகக் குறைகிறது. எலும்பு அசைந்தது ஒரே அளவுதான்; தோல் எந்தப் பக்கம் சென்றது என்பது மட்டுமே இந்த ஏழு பாகையை உண்டாக்குகிறது. விரல் நீண்டிருக்கும்போது பிழை இல்லாமலும் மடங்க மடங்கப் பெருகியும் வருவதால், தொடக்க நிலையில் சரிபார்த்தவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது வழக்கம் மூட்டைத் தவிர்த்து, ஒவ்வொரு எலும்பின் நடுப்பகுதியிலும் இரண்டு அல்லது மூன்று மணிகளை ஒட்டுவது. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் இருந்தால் ஒரு திண்பொருளின் இடநிலையையும் திரும்பலையும் முழுமையாகக் கணிக்கலாம் என்பது இயக்கவியலின் அடிப்படை விதி. ஆனால் நான்கு விரல்களின் பன்னிரண்டு எலும்புகளுக்கும் மூன்று மூன்றாக ஒட்டினால் 36 மணிகள் ஆகும். குறுகிய இடத்தில் அவை நெருங்கும்போது கேமரா இரண்டை ஒன்றாகக் காண்கிறது, அல்லது நடுவிரலின் மணியை மோதிரவிரலின் மணியாகப் பெயர் மாற்றிவிடுகிறது. கையை மூடியதும் பாதி மணிகள் மறைந்துவிடுகின்றன. மறைந்த நேரத்துக்கான இடநிலையை மென்பொருள் முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு நிரப்புகிறது. அப்படி நிரப்பிய பகுதி அளவீடு அன்று, ஊகம் என்பதை வரைபடத்தில் வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் போதிய அளவு பரவவில்லை என்பது வருந்தத்தக்கது.

எலும்பு மெய்யாக எங்கே இருக்கிறது என்பதை அறிய எக்ஸ்-கதிரையோ காந்த அதிர்வுப் படத்தையோ நாடியாக வேண்டும். விரல் மடங்குவதையும் நீள்வதையும் தொடர் எக்ஸ்-கதிர்ப் படமாகவும் மணிகளைக் கொண்ட வீடியோவாகவும் பதிவுசெய்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. காந்த அதிர்வுப் படங்களின் வழியே கையின் தோல் எலும்பைச் சார்ந்து எவ்வாறு நகர்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்த கட்டுரை 2006-இல் வந்தது. இத்தகைய ஒப்பீடுகள் சில மணியிடங்களை நம்பத் தகுந்தவையாக்கியுள்ளன. ஆயினும் எக்ஸ்-கதிர் ஒப்பீடுகள், கதிர்வீச்சின் அளவு கருதி, குறைந்த எண்ணிக்கையிலான மனிதர்களிடம், பெரும்பாலும் எளிய மடக்கு அசைவில் மட்டுமே செய்யப்படுகின்றன.

புள்ளிகள் கிடைத்த பின்னரும் கோணம் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. ஒவ்வொரு எலும்புக்கும் மூன்று செங்குத்து அச்சுகளைக் கொண்ட ஒரு சட்டகத்தைப் பொருத்தி, ஒரு சட்டகம் மற்றொன்றைச் சார்ந்து எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை மடக்கம், பக்க விலகல், சுழற்சி என மூன்று கோணங்களாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வரிசை மாறினால் மூன்று எண்களும் மாறும். அச்சைச் சிறிது சாய்த்துப் பொருத்தினாலும், தூய மடக்கத்தில் ஒரு பகுதி பக்க விலகலாகக் கசிந்து தோன்றும். பக்கவாட்டில் அசையவே இயலாத நடுமூட்டில் பத்துப் பாகை பக்க அசைவு இருப்பதாகக் காட்டும் வரைபடங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆளுக்கொரு முறையைக் கையாண்டதால் ஒரு கூடத்தின் எண்களை இன்னொரு கூடத்தின் எண்களோடு ஒப்பிட இயலாமற்போன நிலையில், பன்னாட்டு உயிர் இயக்கவியல் சங்கம் தோள், முழங்கை, மணிக்கட்டு, கை ஆகியவற்றின் அச்சுகளுக்கான பரிந்துரையை 2005-இல் வெளியிட்டது.

அச்சுகளைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு: பூச்சியம் எது? பெரும்பாலான ஆய்வுகளில் பங்கேற்பவர் கையை மேசைமேல் தட்டையாக வைக்கிறார், அந்த நிலையில் எல்லாக் கோணங்களும் பூச்சியம் என்று கணினிக்குச் சொல்லப்படுகிறது. நலமான கைக்கு இது பொருந்தும். விரலைத் தட்டையாக வைக்கவே முடியாதவருக்கு, அதாவது இந்த அளவீடு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு, இது பொருந்தாது. 30 பாகை மடங்கி இறுகிய மூட்டைப் பூச்சியம் என்று பதிந்தால், நோயின் அளவே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் வேலூரின் அனுபவம் நினைக்கத்தக்கது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செயலிழந்து கொக்கிபோல் வளைந்த கைகளைத் தசைநாண் இடமாற்ற அறுவையால் சீராக்கும் முறைகளை அங்கே வளர்த்தெடுத்தார். முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு பழுதானால் உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகளில் பெரும்பாலானவை செயலிழக்கின்றன. அடிமூட்டு பின்னோக்கி வளைய, நடுமூட்டு மடங்கிக்கொள்கிறது. இக்கையை மதிப்பிட ஒரே கோணம் போதாது என்பதால், தொழுநோய்க் கைச் சிகிச்சையில் நடுமூட்டை மூன்று நிலைகளில் அளக்கும் வழக்கம் நிலைபெற்றது. நோயாளி தம் முயற்சியால் மட்டும் விரலை நீட்டும்போது எஞ்சும் மடக்கம் ஓர் அளவு. அடிமூட்டு பின்னே வளையாதபடி அளப்பவர் தாங்கிப் பிடிக்க, நோயாளி நீட்டும்போது எஞ்சுவது இரண்டாம் அளவு. அளப்பவரே விரலைப் பிடித்து நீட்டினாலும் எஞ்சுவது மூன்றாம் அளவு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாடு, அடிமூட்டு நிலைநிறுத்தப்பட்டால் நோயாளியின் சொந்தத் தசைகளே எவ்வளவு மீட்டுத்தரும் என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, தோலும் மூட்டும் எவ்வளவு இறுகிவிட்டன என்பதைக் காட்டுகிறது. கருவி ஒரு சாதாரணக் கோனியாமீட்டர்தான், ஆனால் எதை எந்த நிலையில் அளக்க வேண்டும் என்ற தெளிவு அதில் முழுமையாக இருக்கிறது. அசைவுப் பதிவு ஆய்வுகள் பலவற்றில் நூறு மடங்கு விலையுள்ள கருவி இருந்தும் அத்தெளிவு இல்லை.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, விறைத்த மூட்டை எவ்வளவு விசையுடன் தள்ளினால் எவ்வளவு கோணம் கிடைக்கிறது என்பதைப் பல விசைகளில் அளந்து வரைபடமாக்கும் முறையை வலியுறுத்தினார். கோணத்தை மட்டும் குறித்து விசையைக் குறிக்காவிட்டால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே தெரியும் முன்னேற்றம் மூட்டில் ஏற்பட்டதா, அளப்பவரின் கை சற்று அழுத்தமாகத் தள்ளியதா என்று பிரித்தறிய வழியில்லை. கேமராவுக்கும் இது பொருந்தும்: அது இயக்கத்தை மட்டுமே காண்கிறது, இயக்கத்தை உண்டாக்கிய விசையைக் காண்பதில்லை. விசையையும் அறிய வேண்டிய ஆய்வுகளில் பிடிபொருளுக்குள் விசையுணரிகளைப் பொருத்தி இரண்டையும் ஒருசேரப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

கட்டைவிரல் தனிக் கவனத்துக்கு உரியது. அதன் அடியில் மணிக்கட்டு எலும்போடு சேரும் மூட்டில் இரண்டு பரப்புகளும் சேணத்தைப்போல் எதிரெதிராக வளைந்து பொருந்துகின்றன. மற்ற விரல்களின் நுனிகளைக் கட்டைவிரல் எதிர்கொண்டு தொடுவது அதனால் கூடுகிறது. இம்மூட்டின் மடக்க அச்சு மணிக்கட்டு எலும்பின் வழியாகவும், விலகல் அச்சு உள்ளங்கை எலும்பின் அடியின் வழியாகவும் செல்வதை ஆன் ஹோலிஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் காட்டினர். அவ்விரு அச்சுகளும் ஒன்றையொன்று வெட்டுவதும் இல்லை, செங்குத்தாக அமைவதும் இல்லை. மூன்று செங்குத்து அச்சுகள் ஒரு புள்ளியில் சந்திப்பதாகக் கருதும் வழக்கமான கணக்கு இங்கே உடலுக்கு ஒவ்வாதது. போதாக்குறைக்கு, அந்த எலும்புகளின் மேல் தடித்த தசை மேடு இருப்பதால் மணியை எலும்புக்கு அருகில் ஒட்டவும் முடிவதில்லை. கையின் பயன்பாட்டில் மிக முதன்மையான மூட்டு எதுவோ அதுவே மிகக் குறைந்த நம்பிக்கையோடு அளக்கப்படுகிறது.

இத்தனை குறைகளோடும் இம்முறைகள் கையைப் பற்றித் தந்துள்ள அறிவு பெரியது. காரணம், ஒரு மூட்டின் கோண மதிப்பில் பிழை இருந்தாலும், பல மூட்டுகள் காலப்போக்கில் சேர்ந்து அசையும் ஒழுங்கு அப்பிழையால் பெரிதும் சிதைவதில்லை. ஒரு விரலை மட்டும் அசைத்து மற்றவற்றை அசையாமல் வைத்திருக்கும்படி கேட்டு, எல்லா விரல்களின் கோண அசைவையும் ஒரே நேரத்தில் அளந்த சார்லட் ஹேகர்-ராஸ், மார்க் ஷீபர் ஆகியோரின் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. கட்டைவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல் ஆகியவை நடுவிரலையும் மோதிரவிரலையும் விடத் தனித்து அசைகின்றன என்று அது கண்டது. பழக்கமான கையின் விரல்கள் மற்றக் கையின் விரல்களைவிடக் கூடுதலாகத் தனித்து இயங்கவில்லை என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. புறங்கையில் நீட்டும் தசைநாண்களைக் குறுக்காகப் பிணைக்கும் பட்டைகளும், ஒரே தசை பல விரல்களுக்கு நாண் அனுப்புவதும், மூளையில் விரல்களுக்கான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரவிக் கிடப்பதும் விரல்கள் முழுமையாகத் தனித்து அசையாமைக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1998-இல், மார்கோ சான்டெல்லோ, மார்த்தா ஃபிளாண்டர்ஸ், ஜான் சோக்டிங் ஆகிய மூவரும் கேமராவுக்கு மாறாக உணரிகள் பதித்த கையுறையைப் பயன்படுத்தினர். இத்தகைய கையுறைகளுக்குத் தனி வரலாறு உண்டு: 1977-இல் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒளி செல்லும் வளையும் குழாய்களை விரல்களில் பொருத்திய முன்மாதிரியும், 1987-இல் சந்தைக்கு வந்த டேட்டாகிளவ் என்பதும் அதில் குறிப்பிடத்தக்கவை. கையுறையில் மணி மறையும் சிக்கல் இல்லை. துணி தோல்மேல் வழுக்குவதும், ஒவ்வொருவரின் கை அளவுக்கும் தனித் திருத்தம் தேவைப்படுவதும் அதன் குறைகள். அந்த ஆய்வில் பங்கேற்றோர் 57 பொருள்களை மனத்தில் எண்ணி, அவற்றைப் பிடிப்பதுபோல் கையை வடிவமைத்தனர். 15 மூட்டுக் கோணங்கள் பதிவாயின. பல எண்கள் சேர்ந்து மாறும் திசைகளைக் கண்டறியும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்னும் கணிதமுறையை அவற்றின்மேல் செலுத்தியபோது, கையின் வடிவ வேறுபாட்டில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதை இரண்டே கூறுகள் விளக்கிவிட்டன. பதினைந்து மூட்டுகளையும் தனித்தனியே ஆட்டாமல், விரல்கள் எல்லாம் சேர்ந்து குவியும் சில கூட்டு வடிவங்களைக் கலந்தே மூளை கையை ஆள்கிறது என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாயிற்று. ஒரே இயந்திரத்தால் பல விரல்களை இழுக்கும் செயற்கைக் கைகளின் வடிவமைப்பிலும் இக்கருத்து பயன்பட்டு வருகிறது. மீதியுள்ள இருபது விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது என்பதையும் அதே ஆசிரியர்கள் காட்டினர்: எந்தப் பொருளைப் பிடிக்க எண்ணினார் என்ற செய்தியில் ஒரு பகுதி அச்சிறு கூறுகளில்தான் இருந்தது.

மணியும் கையுறையும் இன்றி வெறும் படத்திலிருந்தே விரலைக் கண்டறியும் முறைகள் கடந்த சில ஆண்டுகளில் வேகமாகப் பரவியுள்ளன. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான கேமராக்கள் பொருத்திய கோளக் கூடத்தின் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கை கண்டறிமுறை 2017-இல் வெளிவந்தது. கூகுளின் மீடியாபைப் 2019-இல் அதைப் போன்ற பணியைக் கைபேசியிலேயே செய்யத் தொடங்கியது. இரண்டும் கையை 21 புள்ளிகளாகக் குறிக்கின்றன. விரலைத் தொடாமல், ஒட்டாமல், எவர் வீட்டிலும் அளக்கலாம் என்பது மிகப்பெரிய நன்மை. பார்க்கின்சன் நோயாளர்கள் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் விரைந்து தட்டும்போது, தட்டலின் அகலம் படிப்படியாகக் குறைவதை மருத்துவர் கண்ணால் கண்டு பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடுகிறார். அதே குறைவை நொடிக்கு நொடி எண்களாகக் காட்ட இம்முறைகளால் இயலும், ஏனெனில் அங்கே தேவைப்படுவது தாளமும் அகலத்தின் மாற்றமுமே, எலும்பின் துல்லியமான கோணம் அன்று. கோணம் தேவைப்படும்போது நிலைமை வேறு. ஒற்றைக் கேமராவின் படத்தில் ஆழம் அளக்கப்படுவதில்லை, பயிற்சியின் வழியே ஊகிக்கப்படுகிறது; அடுத்தடுத்த படங்களில் ஒரே எலும்பின் நீளம் கூடியும் குறைந்தும் வரலாம்; பயிற்சிப் படங்களில் பெரும்பாலும் நலமான கைகள் இருந்திருந்தால், வளைந்த விரலையும் நலமான விரலின் சாயலுக்கு இழுத்துக் காட்டும் போக்கு அதற்கு இருக்கும்.

இம்முறைகளின் துல்லியத்தை மதிப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் மணி ஒட்டிய அகச்சிவப்பு முறையையே உரைகல்லாகக் கொள்கின்றன. அந்த உரைகல்லுக்கே தோலின் வழுக்கலால் பல பாகைப் பிழை உண்டு என்பதால், இரண்டுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டில் எது புதிய முறையின் பிழை, எது பழைய முறையின் பிழை என்று அந்த ஒப்பீட்டால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே திசையில் பிசகினால் வேறுபாடே தோன்றாமலும் போகலாம். பிரிப்பதற்கு ஒரே விரலை, ஒரே நேரத்தில், இரு திசைகளிலிருந்து எக்ஸ்-கதிராலும் கேமராவாலும் பதிவுசெய்ய வேண்டும். அதையும் நலமான கைகளில் மட்டும் செய்யாமல், மூட்டு இறுகிய, விரல் கோணிய கைகளிலும் செய்ய வேண்டும்.